இரவல் வாத்தியார்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர். பள்ளிகளைச் சோதிக்க வருகிறவர். ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு. அறையில் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய குமாஸ்தா. பின்னால் நின்றார். இன்ஸ்பெக்டருடைய குடையைப் பிடித்திருந்தார். மழை இல்லை.

ஹெட்மாஸ்டர். கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். வருஷத்தில் ஒரு நாள் போடுவார்.

தமிழ்ப் பண்டிதர். ஜன்னலோரம்.

டிரில் வாத்தியார் இரண்டு பேர். ஆமாம், இரண்டு பேர்.

கணக்கு வாத்தியார் ஆரோக்கியசாமி. கரும்பலகைப் பக்கம், கையில் சாக்பீஸ்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பதினொரு பையன்கள், மூன்று பெண்கள். அந்த மூன்றில் நடுவில் உட்கார்ந்திருந்தவள் என் மகள் செல்லம்மா.

வாசல்படியில் நான். ஜட்காக்காரன் முனுசாமி. கையில் சாட்டை.

இன்ஸ்பெக்டரும் குமாஸ்தாவும் வந்து போகிறவர்கள். நான் பிள்ளையைப் பெற்றவன். மற்றவர்களில் ஒருவர் மட்டும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் இல்லை. கணக்கு வாத்தியார். அவரைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பிளாக்பள்ளிப் பேட்டையிலிருந்து என் வண்டியில் ஏற்றிவந்து இறக்கினேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், மோட்டார் வந்து ஜட்காக்காரன் பிழைப்பு போன கதையை எழுதினேன். படித்துவிட்டு ஒருவர் வீடு தேடி வந்தார். "இவ்வளவு எழுதறியே, உன் பொண்ணைப் படிக்க வெச்சியா?" என்று கேட்டார்.

வைத்தேன். அந்தக் கதைதான் இது.

என் படிப்பு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை நான் நிறுத்தவில்லை. வாத்தியார் நிறுத்தினார்.

ஊரில் முதல் பிளேக் வந்த காலம். எலி விழுந்த வீட்டையெல்லாம் காலி செய்து, ஜனங்களை ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு இருக்கச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் மூன்று வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் வாலாஜாபேட்டைக்காரர். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் யாருக்கும் வெல்லம்.

பிளேக் போனது. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். வாத்தியார் வரவில்லை. வேறு ஆளும் வரவில்லை. ஆனால் பள்ளி திறந்திருந்தது. மணி அடித்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தோம். சுவரில் சுண்ணாம்பு வாசனை. மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தோம். அம்மா, "இன்னாடா படிச்சே?" என்பாள். "உக்காந்தேன்" என்பேன்.

இப்படிக் கொஞ்ச நாள். அப்புறம் என் அப்பா, "சும்மா உக்கார்றதுக்கு லாயத்துல உக்காரு, குருதையாவது பழகும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அது அந்தக் காலம், பிளேக் காலம். சரி. என் மகள் காலத்தில் பிளேக் இல்லை. ரோட்டில் மின்சார விளக்கு இருந்தது. பயாஸ்கோப் இருந்தது. வாத்தியார் மட்டும் இல்லை.

பள்ளியில் இருந்தவை

அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம், சர்க்கார் தமிழ்ப் பள்ளி. ஓடு போட்ட நீளக் கட்டிடம். பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் இன்றைக்கும் ஒரு போர்டு தொங்குகிறது.

பள்ளியில் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். பூகோள உருண்டை இருந்தது. அதைத் தொடக் கூடாது. கடிகாரம் இருந்தது. அது ஓடாது. மகாராஜா படம் இருந்தது. தினம் துடைப்பார்கள். டிரில் வாத்தியார் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாமவர் யாரோ பெரிய மனுஷருக்குத் தங்கை மாப்பிள்ளை. இடமில்லாத இடத்தில் அவருக்கு இடம் பண்ணினார்கள். ஒருவர் "லெஃப்ட்" என்பார். இன்னொருவர் "ரைட்" என்பார். பிள்ளைகள் நன்றாக நடந்தார்கள்.

கணக்கு வாத்தியார் இல்லை.

இருந்தவர் வேலையை விட்டுவிட்டு ரயில்வே ஆபீசுக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் இரண்டு பங்கு. கூட்டக் கழிக்கத் தெரிந்தவன் இங்கே ஏன் இருப்பான்? கணக்குத் தெரிந்ததால்தான் போனார். அதற்கப்புறம் என் மகள் வகுப்பு ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குப் போய்விட்டது. ஆள் வரவில்லை.

கணக்கு மணி அடித்தால் பண்டிதர் வருவார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்குக் கணக்கு என்றால் பயம். "எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்" என்று பலகையில் எழுதி, அழகாக எழுதிப் பழகுங்கள் என்பார். பிள்ளைகள் எழுதும். எண் கண்ணாம். அந்தக் கண்ணைக் காட்ட ஆள் இல்லை. அவர் வராத நாளில் டிரில் வாத்தியார்களில் ஒருவர் வந்து எல்லோரையும் வெளியே விடுவார்.

செல்லம்மாவுக்கு எழுத்து முத்து முத்தாக வந்தது. எழுதிய விஷயம் மட்டும் மாறவில்லை.

அவள் கேட்டது

என் மகள் அதிகம் பேசமாட்டாள். என்னைப் போல. ஒரு நாள் சாயங்காலம் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நைனா, ஏழாவது பாஸ் பண்ணா டிரெயினிங் ஸ்கூல்ல சேத்துக்குவாங்களாம். மாசம் உபகாரச் சம்பளம் தருவாங்களாம். முடிச்சா வாத்தியாரம்மா வேலை."

"யாரு சொன்னது?"

"ஹெட்மாஸ்டரே சொன்னாரு. பொம்பளை வாத்தியாருங்க கிடைக்கவே மாட்டேன்றாங்களாம். நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா போதுமாம், எல்லாப் பாடத்துலயும்."

"அப்போ எடு."

"கணக்குல எப்படி எடுக்கறது?"

அடுப்பைக் கிளறினேன்.

டியூஷன் வைக்கலாம் என்று விசாரித்தேன். ரயில்வேக்குப் போன அந்தப் பழைய வாத்தியாரே டியூஷன் சொல்லித் தந்தார். அவர் கேட்ட காசுக்கு இன்னொரு குதிரை வைத்துத் தீனி போடலாம். என் மனைவி மங்கம்மா ஒரே பேச்சில் முடித்தாள். "பள்ளிக்கூடத்துல இல்லாத வாத்தியாரு வூட்ல இருப்பாரு. காசு குடுத்தா தெரிவாரு. சாமி மாதிரி."

ஆபீசுக்குப் போனோம்

பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஹெட்மாஸ்டரிடம் போனோம். "மேலே எழுதியிருக்கு" என்றார். மறுபடி போனோம். "மேலே ஞாபகப்படுத்தியிருக்கு" என்றார். மூன்றாம் முறை போனபோது, மேலே என்று கையைக் காட்டினார். நான் அண்ணாந்து பார்த்தேன். ஓடு உடைந்திருந்தது.

சரி, மேலேயே போவோம் என்று கல்வி ஆபீசுக்குப் போனோம். நல்ல கட்டிடம். வராந்தாவில் பூந்தொட்டி. அரை நாள் உட்கார வைத்து ஒரு குமாஸ்தா கூப்பிட்டார்.

"உங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் இருக்காரே" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

"போன வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால பாத்து எழுதியிருக்காரு. எல்லாப் பாடத்துக்கும் ஆள் உண்டு. குறை ஒண்ணும் இல்லை."

"எங்க பிள்ளைங்க கண்ணுக்குத் தெரியலீங்களே."

அவருக்குக் கோபம். "இன்ஸ்பெக்டர் பொய் சொல்றாரா? இருக்கற இடத்துக்கு நான் எப்படி இன்னொரு ஆளை அனுப்பறது? அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வந்து இல்லைன்னு எழுதட்டும். அனுப்பறோம்."

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. அடுத்த இன்ஸ்பெக்ஷனில் கணக்கு வாத்தியார் நாற்காலி காலியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் ஆள் வரும். செல்லம்மா தேறுவாள். தெரியாவிட்டால் இல்லை.

போன வருஷம் இன்ஸ்பெக்டர் யாரைப் பார்த்தார் என்பது மட்டும் புரியவில்லை. அது ஒரு மாதத்துக்குள் புரிந்தது.

சவாரி

ஹெட்மாஸ்டர் ஒரு நாள் ஜட்கா ஸ்டாண்டுக்கே வந்தார்.

"ஏம்பா முனுசாமி, நாளைக்கிக் காலைல பிளாக்பள்ளி ஸ்கூலுக்குப் போய் ஒரு வாத்தியாரை ஏத்திகினு வரணும். மத்தியானத்துக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் விட்டுடணும். அங்கேயும் அவருக்கு வேலை இருக்கு."

"இன்னா வாத்தியாருங்க?"

"கணக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரை முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்து வண்டி ரஹீம் பாய் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அரே முனுசாமி, ஷாமியானா வாடகைக்கு வரும். அண்டா வாடகைக்கு வரும். வாத்தியாரும் வாடகைக்கு வராரா? ஷாதி யாருக்கு?"

அப்போதுதான் வழக்கம் தெரிந்தது. இன்ஸ்பெக்ஷன் வாரம் வந்தால் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று ஆள் இரவல் கொடுக்கும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் போகிற மாதிரி. எங்கள் பண்டிதர் ஒரு பள்ளிக்குப் போவார். அங்கிருந்து பூகோளம் வேறொரு பள்ளிக்குப் போகும். பள்ளிக்கு ஒரு நாள் என்று இன்ஸ்பெக்டர் போவார். ஆள் அவருக்கு முன்னால் போகும். நான்கு பள்ளிக்கும் கணக்கு ஒருவர்தான். அவர்தான் ஆரோக்கியசாமி.

நான் சவாரியை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரஹீம் பாய் வண்டி போயிருக்கும். அவர் வண்டி இல்லாவிட்டால் இன்னொன்று. போவது என்று முடிவு செய்தேன். உள்ளே வரை போக ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்தது.

ஆரோக்கியசாமி வாத்தியார்

ஒல்லி மனுஷர். கழுத்து வரை மூடிய வெள்ளைக் கோட்டு, முழங்கையில் ஒட்டு. கைக்குட்டையில் சொந்த சாக்பீஸ் முடிந்து வைத்திருந்தார். காலைப் பூசை முடித்துவிட்டு வந்திருந்தார். மேலே சாம்பிராணி வாசனை.

வண்டியில் ஏறியதும் பேச ஆரம்பித்தார்.

"இந்த வாரம் முழுக்க சவாரிதான்பா. திங்கக்கிழமை ஒரு ஸ்கூல், நேத்து ஒரு ஸ்கூல், இன்னைக்கி உங்க ஸ்கூல். நாலு ஸ்கூலுக்கும் நான்தான் கணக்கு. சம்பளம் மட்டும் ஒரு ஸ்கூல்ல."

"இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க மாட்டாருங்களா?"

"திங்கக்கிழமை அவருக்கு நான்தான் நாற்காலி எடுத்துப் போட்டேன். நேத்தும் நான்தான் போட்டேன். இன்னைக்கும் நான்தான் போடுவேன். அவரு நாற்காலியைப் பாப்பாரு. போடறவனை எதுக்குப் பாக்கறாரு?"

குதிரை கொஞ்ச தூரம் நடந்தது. மார்க்கெட்டுப் பக்கம் கொத்துமல்லி வண்டிகள் வழியை அடைத்திருந்தன. நான் சொன்னேன்.

"வாத்தியாரே, என் பொண்ணு அந்த ஏழாவதுலதான் கீறா. இன்னைக்கி உள்ள வந்து, இவரு எங்க ஸ்கூல் வாத்தியாரு இல்லைன்னு சொல்லப் போறேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு. தாராளமாச் சொல்லு. எனக்கும் முதுகுவலி மிச்சம்." பிறகு கேட்டார். "பொண்ணு எப்படி, கணக்கு வருமா?"

"தெரியாதுங்க. யாரும் சொல்லிக் குடுக்கலை."

"அதுவும் சரிதான்" என்றார்.

ஆள் கணக்கு

இப்போது அந்த அறைக்கு வருகிறேன்.

இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. ஆரோக்கியசாமி சும்மா இருக்கவில்லை. அதுதான் அந்த மனுஷர். வேறு யாராக இருந்தாலும் பலகையில் ஏதாவது கிறுக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் பாடம் எடுத்தார். நிஜப் பாடம்.

"பன்னெண்டு ஆளு ஒரு சுவரைப் பத்து நாள்ல கட்டறாங்க. மூணு ஆளு கட்டினா எத்தனை நாள்?"

பிள்ளைகள் முழித்தார்கள். ஒரு பையன் எழுந்து, "மூணு நாள் சார்" என்றான்.

"ஏண்டா, பன்னெண்டு பேரே பத்து நாள் முக்கினாங்க. நீ மூணு பேரை வெச்சு மூணு நாள்ல முடிச்சிடுவியா? உன்னை மேஸ்திரி ஆக்கிடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். "ஆள் கொறைஞ்சா நாள் கூடும். மொதல்ல ஒரே ஒரு ஆளை நிறுத்து. அவன் ஒண்டியாக் கட்டினா எத்தனை நாள்? அதைக் கண்டுபிடி. அப்புறம் எத்தனை ஆள் வேணுமோ அத்தனையால வகு. இவ்வளவுதான்."

செல்லம்மா ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டினாள். நாற்பது.

அவர் அவளைப் பார்த்தார். வேறு ஆள், வேறு நாள் சொல்லி இன்னொன்று கொடுத்தார். அதையும் போட்டாள். முதல் ஆளாக.

அவள் முகத்தை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது இன்ஸ்பெக்டர் வந்தார். ஆரோக்கியசாமி நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் சொன்னது போலவே இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார்.

"குட். கணக்கு நடக்குது" என்றார். கன்னட வாடையோடு தமிழ் பேசுவார்.

ஹெட்மாஸ்டர் பல்லைக் காட்டினார். குமாஸ்தா எழுதுவதற்குக் காகிதத்தை எடுத்தார்.

நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். சாட்டையை வெளியே விட மறந்துவிட்டேன்.

"சாமி, ஒரு வார்த்தை" என்றேன். "இவரு இந்த ஸ்கூல் வாத்தியாரு இல்லீங்க. பிளாக்பள்ளியிலேர்ந்து நான்தான் வண்டியில இட்டாந்தேன். இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வாத்தியாரே இல்லீங்க. பரீட்சை வருது."

ஹெட்மாஸ்டர் முகம் சுண்ணாம்பு. பண்டிதர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். டிரில் வாத்தியார்கள் இரண்டு பேரும் அட்டென்ஷனில் நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் செய்த வேலை அது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். சாட்டையைப் பார்த்தார். பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திங்கட்கிழமையும் நேற்றும் பார்த்த முகம். தெரியாமல் இருக்காது.

"நீங்க இந்த ஸ்கூல்தானே?" என்றார்.

"இன்னைக்கி இந்த ஸ்கூல்தாங்க" என்றார் ஆரோக்கியசாமி.

இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? இன்ஸ்பெக்டருக்கு அது போதவில்லை. அல்லது அதிகமாகிவிட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பெரியவங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. குழந்தைங்க பொய் சொல்லாது. ஏம்மா, நீ சொல்லு. உங்களுக்குக் கணக்கு வாத்தியார் இருக்காரா?"

நடுவில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டார். என் மகள் என்று அவருக்குத் தெரியாது.

செல்லம்மா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். ஸ்லேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இருக்காருங்க" என்றாள்.

குமாஸ்தா எழுதினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். குமாஸ்தா என்னைத் தாண்டும்போது தோளைத் தொட்டு, "கொத்தாயித்து, சும்னே இரப்பா" என்றார். தெரிகிறது, சும்மா இரு என்று. இளித்துக்கொண்டே சொன்னார். அவர்களுக்கும் தெரியும். வருஷா வருஷம் தெரியும். இல்லை என்று எழுதினால், ஏன் இல்லை என்று மேலே ஒரு கேள்வி வரும். அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும். இருக்கிறது என்று எழுதினால் டீ குடிக்கப் போகலாம்.

காலையில் நடந்தது

சாயங்காலம் அவளை நான் திட்டவில்லை. அவளே சொன்னாள்.

"காலைல ஹெட்மாஸ்டர் சொன்னாரு நைனா. கணக்குக்கு ஆள் இல்லைன்னு இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா ஏழாங்கிளாஸையே மூடிடுவாங்களாம். பசங்க வேற ஸ்கூலுக்கு நடந்து போயிடுவாங்க. நாங்க மூணு பேரு வூட்லதான். கிளாஸே இல்லைன்னா பரீட்சை ஏது?"

இருக்கிறது என்றால் ஆள் வராது. இல்லை என்றால் வகுப்பு இருக்காது. பதின்மூன்று வயசுப் பிள்ளையை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, குழந்தை பொய் சொல்லாது என்றார்கள்.

அப்படி மூட ஒரு ரூல் உண்டா என்று பின்னால் விசாரித்தேன். உண்டு என்றார் ஒருவர். இல்லை என்றார் ஒருவர். ஹெட்மாஸ்டரையே கேட்டேன். "இருந்தாலும் இருக்கும்பா" என்றார்.

அன்று ராத்திரி மங்கம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். செல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஆறு பொம்பளைங்க ஆட்டினா ரெண்டு மணி நேரம். நீ ஒண்டியா ஆட்டினா?" என்று கேட்டுத் தானே சொன்னாள். மங்கம்மா, "மீதி அஞ்சு பேரை அனுப்பச் சொல்லுடி" என்றாள்.

நான் கேட்டேன். "ரெண்டு குருதைக்கு ஒரு நாளைக்கி நாலு படி கொள்ளு. அஞ்சு குருதைக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "அது வேற கணக்கு நைனா. அதை அவரு சொல்லித் தரலை."

கழித்தல்

ஆரோக்கியசாமியை அன்றைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடும்போதே கேட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்து சொல்லித் தர முடியுமா என்று.

"வரேன். காசு வேணாம். ஏத்திகினு வந்து ஏத்திகினு போ. அந்தப் பொண்ணுக்குச் சொன்னா ஏறுது. விடக் கூடாது" என்றார்.

நான் வீட்டு வாசலில் ஒரு பலகை வாங்கி மாட்டினேன். மங்கம்மா அதற்குக் கரி பூசினாள்.

அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் ஏதோ விசேஷம், வரவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் ஆள் வந்தது. வாத்தியார் கூப்பிடுகிறார் என்று. போனேன். வாசலில் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும்.

"கோலார் தங்கவயலுக்கு மாத்திட்டாங்கப்பா. ஸ்டேஷனுக்கு விடு" என்றார்.

வழியில் விவரம் சொன்னார். தங்கவயல் தமிழ்ப் பள்ளியில் கணக்குக்கு ஆள் இல்லை. அவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்களாம். உடனே ஆபீசில் இந்தப் பக்கத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு பள்ளி, நான்கிலும் கணக்கு வாத்தியார் உண்டு. நான்கு பேர் இருக்கிற இடத்தில் ஒருவரை எடுத்தால் என்ன குறையும் என்று எடுத்தார்கள். சர்வீஸ் அதிகம் உள்ள ஆளை.

சம்பளம் ஒருவருக்குத்தானே போகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லையா என்றேன்.

"சம்பளம் பாக்கறவரு வேற ரூம்" என்றார். அப்புறம் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். "கழித்தல்ல தப்பே இல்லை முனுசாமி. நாலுல ஒண்ணு போனா மூணு."

"ஒண்ணுல ஒண்ணு போனா?"

"அதை மேல கேளு."

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கினேன். கைக்குட்டையை அவிழ்த்து ஒரு முழு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். பொண்ணிடம் கொடு என்றார். சவாரிக் காசு நான் வாங்கவில்லை. ரயில் புகை கண்ணில் பட்டது. வேறொன்றும் இல்லை.

பரீட்சை

பரீட்சை வேறொரு பள்ளியில் நடந்தது. நான்தான் கொண்டுபோய் விட்டேன். மற்ற இரண்டு பெண்களும் என் வண்டியில்தான் வந்தார்கள். கணக்குப் பரீட்சை கடைசி நாள். கேட்டில் காத்திருந்தேன். பையன்கள் முதலில் வந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டார்கள். செல்லம்மா கடைசி மணி வரை உள்ளே இருந்துவிட்டு வந்தாள். விரலெல்லாம் மை.

"எப்படி?"

"ஆள் கணக்கு ஒண்ணு வந்துது நைனா. கெணறு தோண்டறது. போட்டுட்டேன். சரியாத்தான் வந்துது. பத்து மார்க்கு."

"மத்தது?"

"மத்ததும் எழுதினேன்" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் காலம் முடிகிற நேரம் ரிசல்ட் வந்தது. ஹெட்மாஸ்டர் வரச் சொன்னார். போனேன். கோட்டுப் பொத்தான் திறந்திருந்தது. பக்கத்தில் இரண்டு டிரில் வாத்தியார்களும் இருந்தார்கள். ஏழாங்கிளாஸ் மூடவில்லை. இல்லை என்று யாரும் சொல்லவில்லையே, ஏன் மூட வேண்டும்?

"பதினாலு பேர்ல ஒருத்தரும் தேறலைப்பா" என்றார். "பிள்ளைங்களுக்கு அக்கறை போதலை."

நான் நின்றேன்.

"டிரெயினிங் ஸ்கூல்லேர்ந்து வேற எழுதியிருக்காங்க. பொம்பளைப் பிள்ளைங்க இருந்தா அனுப்புங்கன்னு. எங்கே இருக்கு? வாத்தியாரம்மா வேலைக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது."

அதற்கும் நின்றேன்.

செல்லம்மா அந்த மழைக்காலத்திலேயே பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கு ஊதும் முன்னால் கிளம்புவாள். இருபது வருஷம் போனாள். அந்த சாக்பீஸை உடைக்கவில்லை. எங்கேயோ இருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்று ஹெட்மாஸ்டர் மார்க்கை வாசித்தார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தமிழ் எண்பத்தொன்று. சரித்திரம் அறுபத்தாறு. பூகோளம் அறுபது.

"கணக்கு?" என்றேன்.

பத்து.